நேட் சில்வர்

நேட் சில்வர் (பிறப்பு: சனவரி 13, 1978) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புள்ளியியலாளரும் எழுத்தாளரும் ஆவார். தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவுகளை ஆய்ந்து, வேட்பாளரின் வெற்றி வாய்ப்பை நிகழ்தகவாக வெளியிடும் முறையைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர்.

தொடக்க காலம்

மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரில் பிறந்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று 2000ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். கேபிஎம்ஜி நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தபோது, அடிபந்தாட்ட வீரர்களின் வருங்கால ஆட்டத்திறனைக் கணிக்கும் பெக்கோட்டா முறையை உருவாக்கினார். 2003இல் அதனை பேஸ்பால் பிராஸ்பெக்டஸ் நிறுவனம் வாங்கியது. இணையவழி போக்கர் சீட்டாட்டத்திலும் பொருளீட்டினார்.

தேர்தல் கணிப்பு

2007இல் பொப்ளானோ என்ற புனைபெயரில் அரசியல் எழுதத் தொடங்கினார். மார்ச் 2008இல் ஃபைவ்தர்ட்டிஎயிட் தளத்தை நிறுவினார். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கையான 538 என்பதே இதன் பெயர். அவ்வாண்டுத் தேர்தலில் 50 மாநிலங்களுள் 49இன் முடிவைச் சரியாகக் கணித்தார். இந்தியானா மட்டும் தவறியது. 2012இல் ஐம்பதும் சரியாக அமைந்தன. இப்புகழே பின்னர் அவருக்கு இடையூறானது எனலாம். வாய்ப்பளவைக் கூறுபவரை, முடிவை முன்னறிந்து சொல்பவராகப் பலர் கருதலாயினர்.

2016 தேர்தல்

தேர்தல் நாளன்று சில்வரின் கணிப்பு இலரி கிளின்டனுக்கு 71.4 விழுக்காடும் டோனால்ட் டிரம்புக்கு 28.6 விழுக்காடும் அளித்தது. டிரம்ப் வென்றதும் கணிப்பு பொய்த்ததாகக் கூறப்பட்டது. ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் இரண்டிலும் தலை விழும் வாய்ப்பு 25 விழுக்காடு; டிரம்புக்குத் தரப்பட்டது அதனினும் கூடுதல். அஃபிங்டன் போஸ்ட் கிளின்டனுக்கு 98 விழுக்காடு அளித்திருந்தது. இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணம், ஒரு மாநிலத்தின் கருத்துக்கணிப்பில் நேரும் பிழை அதனை ஒத்த மாநிலங்களிலும் ஒரே திசையில் நேரும் எனச் சில்வரின் மாதிரி கொண்டதாகும். விஸ்கொன்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகியன அவ்வாறே ஒருசேரச் சாய்ந்தன.

சில்வர் உண்மையில் தவறியது அதற்கு முன்பு. குடியரசுக் கட்சியின் வேட்பாளராகும் வாய்ப்பு டிரம்புக்கு மிகக் குறைவு என 2015இல் எழுதினார். அது மாதிரியின் வழியே பெற்ற எண் அன்று, சொந்த ஊகம். மே 2016இல் அவரே இதனை ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதினார்.

பிற்காலம்

ஃபைவ்தர்ட்டிஎயிட் 2010 முதல் நியூயார்க் டைம்ஸ் இதழிலும், 2013இல் ஈஎஸ்பிஎன் நிறுவனத்திடமும், 2018இல் ஏபிசி நியூசிடமும் சென்றது. சில்வர் 2023இல் விலகினார். தேர்தல் மாதிரியின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, சில்வர் புல்லட்டின் என்னும் மடலில் எழுதலானார். 2024 தேர்தலுக்கான இறுதிக் கணிப்பில், கணினியில் நடத்திப்பார்த்த 80,000 தேர்தல்களுள் கமலா ஆரிசு 40,012இல் வென்றார், ஏறத்தாழச் சரிபாதி. அத்தேர்தலில் டிரம்ப் வெற்றி பெற்றார். ஃபைவ்தர்ட்டிஎயிட் மார்ச் 2025இல் மூடப்பட்டது.

'த சிக்னல் அண்ட் த நாய்ஸ்' (2012), 'ஆன் தி எட்ஜ்' (2024) ஆகியன இவர் எழுதிய நூல்கள்.