அந்த எண்ணெய்க்கு என்ன வயசு?

சாயங்காலம் நாலு மணிக்கு மேல இலுப்பூர் பக்கம் எந்த டீக்கடைக்குப் போனாலும் வாணலியில எண்ணெய் காய்ஞ்சுட்டு இருக்கும். வாழைக்காய் பஜ்ஜி, உளுந்த வடை, போண்டா, கொஞ்சம் இருட்டினா சில்லி சிக்கன். கிளாஸ் முடிஞ்சு பசியோட வர்ற நமக்கு, கையில இருக்கிற இருபது ரூபாய்க்கு வேற என்ன கிடைக்கும்? அதனால "பொரிச்சதைத் தொடவே தொடாதீங்க"ன்னு அட்வைஸ் பண்ண வரல. வாணலிக்குள்ள என்ன நடக்குது, அதுல எது நிஜமாவே கெடுதல், எதை நம்ம கண்ணாலயே கண்டுபிடிக்கலாம்னு பார்ப்போம்.

வாணலியும் ஒரு லேப்தான்

பொரிக்கிற எண்ணெயோட வெப்பநிலை சுமார் 170 முதல் 190 டிகிரி செல்சியஸ். தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிடும். மாவை எண்ணெயில போட்டதும் "சொய்ய்"னு சத்தம் வருதே, அது மாவுல இருக்கிற தண்ணீர் ஆவியா வெளியேறுற சத்தம். ஆவி வெளிய தள்ளிட்டு இருக்கிற வரைக்கும் எண்ணெய் உள்ள போறது கஷ்டம். அப்போ எண்ணெய் எப்போ உள்ள போகுது? பெரும்பாலும் வடையை வெளிய எடுத்த பிறகுதான்! சூடு ஆற ஆற உள்ள இருக்கிற ஆவி குளிர்ந்து அழுத்தம் குறையும். அந்த இழுப்புல மேல ஒட்டியிருக்கிற எண்ணெய் உள்ள போயிடும்.

அதனால எடுத்த உடனே, சூடா இருக்கும்போதே கரண்டியில நல்லா உதறி வடிய விட்டா எண்ணெய் கணிசமா குறையும். எண்ணெய் சரியா காயாம போட்டா மேல் தோல் சீக்கிரம் இறுகாது, வேகவும் நேரமாகும், எண்ணெயும் அதிகமா குடிக்கும்.

இது ஏன் முக்கியம்? ஒரு கிராம் கொழுப்புல 9 கிலோகலோரி. மாவுச்சத்துல 4தான். வேகவைச்ச உருளைக்கிழங்கு 100 கிராம்ல சுமார் 87 கிலோகலோரி இருக்கும். சிப்ஸ் 100 கிராம்னா 500-ஐத் தாண்டிடும். தண்ணீர் போய் அந்த இடத்துக்கு எண்ணெய் வந்துடுச்சு, அவ்வளவுதான்.

எண்ணெய்க்கும் வயசாகும்

கலோரியை ஓடி ஆடிக் கரைச்சுடலாம். பெரிய பிரச்சினை, ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய வைக்கிறது. அப்போ மூணு விஷயம் சேர்ந்து நடக்குது. மாவுல இருந்து வர்ற தண்ணீர் எண்ணெயை உடைச்சு கொழுப்பு அமிலங்களைப் பிரிக்குது. காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் சேர்ந்து பெராக்ஸைடு, ஆல்டிஹைடு மாதிரி பொருட்கள் உருவாகுது. மூணாவதா மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பாலிமர் ஆகுது. எண்ணெய் கொழகொழன்னு ஆகி, நுரை அடங்காம நிக்கிறது அதனாலதான். அடியில கருகிக் கிடக்கிற தூள் இதையெல்லாம் இன்னும் வேகமாக்கும்.

பழைய எண்ணெய் மேலேயே புது எண்ணெய் ஊத்தினா சரியாகிடாது. பழசுல இருக்கிற கழிவு, புதுசையும் சீக்கிரமா கெடுத்துடும்.

உடம்புக்கு என்ன ஆகுது?

பல முறை காய்ச்சின எண்ணெயைக் கொடுத்து எலிகள்ல செஞ்ச ஆய்வுகள்ல, ரத்த அழுத்தம் கூடினதும் ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கு. மனுஷங்க விஷயத்துல ரெண்டு ஆய்வுகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

2019-ல அமெரிக்காவுல 50 வயசுக்கு மேற்பட்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களோட தகவல்களை ஆராய்ந்தாங்க. தினமும் பொரிச்ச உணவு சாப்பிட்டவங்களுக்கு, சாப்பிடாதவங்களைவிட இறப்பு அபாயம் 8 சதவீதம் அதிகமா இருந்தது. 2012-ல ஸ்பெயின்ல சுமார் 40,000 பேரைப் பல வருஷம் கவனிச்ச ஆய்வுல, பொரிச்ச உணவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பே தெரியல! அங்க பொரிக்கிறது பெரும்பாலும் ஆலிவ், சூரியகாந்தி எண்ணெய்ல. ஒரே எண்ணெயைப் பல தடவை காய்ச்சுறதும் கம்மி. இந்த மாதிரி ஆய்வுகள் காரணத்தை நூறு சதவீதம் நிரூபிக்காது. ஆனா எதுல பொரிக்கிறோம், எத்தனை தடவை பொரிக்கிறோம்ங்கிற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இன்னொண்ணு, அக்ரிலமைடு. உருளைக்கிழங்கு மாதிரி மாவுச்சத்து உள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல சூடாக்கும்போது உருவாகுற இந்தப் பொருள் உணவுல இருக்குன்னு 2002-ல ஸ்வீடன் விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க. புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்கள் பட்டியல்ல இதுவும் இருக்கு. பொன்னிறத்துல எடுத்தா கம்மி, கருக விட்டா அதிகம்.

எந்த எண்ணெய்?

நம்ம ஊர் பேர்லயே இருக்கிற இலுப்பை மரத்தோட விதையிலிருந்தும் எண்ணெய் எடுப்பாங்க. ஒரு காலத்துல கோயில் விளக்குலயும் அடுப்பங்கரையிலயும் புழங்கின எண்ணெய் அது. இன்னைக்குக் கடைகள்ல பாமாயில்தான் அதிகம். அது சூட்டைத் தாங்கும், ஆனா கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. சூரியகாந்தி எண்ணெய்ல அந்தக் கொழுப்பு கம்மி, ஆனா திரும்பத் திரும்பச் சூடாக்கினா சீக்கிரம் கெடும். கடலை எண்ணெய் ரெண்டுக்கும் நடுவுல. எதுவா இருந்தாலும் புதுசா இருந்தாத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

சட்டம் என்ன சொல்லுது?

கெட்டுப்போன எண்ணெயை அளக்க ஒரு கணக்கு இருக்கு: மொத்த போலார் பொருட்கள். இது 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ விதி 2018 ஜூலை 1 முதல் அமல்ல இருக்கு. அதே வருஷம், பயன்படுத்தின எண்ணெயைச் சேகரிச்சு பயோடீசல் ஆக்குற 'ரூகோ' திட்டமும் வந்தது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கப் பயன்படுத்துற இடங்கள் கணக்கு எழுதி வெச்சு, பழைய எண்ணெயை அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்சிகிட்ட கொடுக்கணும்.

ஆனா தள்ளுவண்டியில ரெண்டு லிட்டர் ஊத்தி வியாபாரம் பண்ற அக்காவுக்கு யார் அளந்து சொல்றது? எண்ணெயை மாத்தினா அன்னைக்கு லாபமே போயிடும். அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. நாமதான் பார்த்து வாங்கணும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

- எண்ணெய் டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தா, நுரை அடங்காம நின்னா, லேசா சூடானதுக்கே புகைஞ்சா வேண்டாம். சிக்கு வாடை, தொண்டையில கரகரப்பு இருந்தாலும் வேண்டாம்.
- நியூஸ் பேப்பர்ல வெச்சு வடையைப் பிழியாதீங்க. மையில இருக்கிற கெமிக்கல் ஒட்டும். உணவைப் பேப்பர்ல மடிச்சுத் தர்றதுக்கே தடை இருக்கு. வாழை இலை கேளுங்க.
- தினமும் பஜ்ஜின்னா வாரத்துக்கு ரெண்டு நாளா குறைங்க. மத்த நாள் சுண்டல், அவிச்ச கடலை. காசும் அதே அளவுதான் ஆகும், புரதமும் கிடைக்கும்.
- ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில இருக்கிறவங்க ரெண்டே கேள்வி கேளுங்க: பொரிச்ச எண்ணெயை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துறீங்க? பழசு எங்க போகுது?

கடைசியா, பிராஜெக்ட் டைட்டில் தேடி அலையுற ஜூனியர்களுக்கு ஒரு ஐடியா. எண்ணெய் கெடக் கெட அதோட டைஎலெக்ட்ரிக் கான்ஸ்டன்ட் கூடும். மார்க்கெட்ல இருக்கிற ஆயில் டெஸ்டர்கள் நிறைய இதைத்தான் கெபாசிட்டிவ் சென்சார் வெச்சு அளக்குது. விலைதான் சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகாது. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு லைட் மட்டும் எரியுற மாதிரி, கடைக்கார அக்கா வாங்கக்கூடிய விலையில ஒண்ணு செஞ்சு பாருங்களேன்!