எகிப்து இறக்குமதி வரி: 10 + 14 = 24 இல்லீங்க!

"டியூட்டி 10%, வாட் 14%. மொத்தம் 24% தானே சார்?" எகிப்துக்கு சரக்கு அனுப்ப நினைக்கிறவங்க பலரும் இப்படித்தான் கணக்கு போடுறாங்க. அங்கதான் தப்பு.

எகிப்து கஸ்டம்ஸ் பொருளோட விலையை மட்டும் பார்க்காது. கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த சிஐஎஃப் மதிப்புக்குத்தான் டியூட்டி. அந்த டியூட்டியையும் சேர்த்து வர்ற தொகைக்கு வாட்.

ஒரு உதாரணம் (எகிப்து பவுண்டுல):

பொருள் விலை: 90,000
வாடகை + இன்சூரன்ஸ்: 10,000
சிஐஎஃப்: 1,00,000
டியூட்டி (10%னு வச்சுப்போம்): 10,000
வாட் (1,10,000-க்கு 14%): 15,400
மொத்த வரி: 25,400

பொருள் விலையோட ஒப்பிட்டா 28%க்கு மேல! வரி கட்டுறது அங்க வாங்குறவர்தான். ஆனா அவருக்குக் கட்டுப்படியாகலன்னா ஆர்டர் போறது உங்களுக்கு. டியூட்டி சதவீதம் பொருளுக்குப் பொருள் மாறும், அதனால எச்.எஸ். கோடை முதல்லயே ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். 2021 அக்டோபர்ல இருந்து கடல்வழி சரக்குக்கு ஏசிஐடி நம்பர் கட்டாயம். வாங்குறவர் 'நஃபேஸா' போர்ட்டல்ல அதை முன்கூட்டியே எடுக்கணும். நம்பர் இல்லாத சரக்கை அங்க இறக்க முடியாது. நம்பர் கைக்கு வராம கன்டெய்னரைக் கிளப்பாதீங்க.