ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் ஆர்கேடும்: படோசெரா நிறுவும் முறை

படோசெரா, கணினியை விளையாட்டு இயந்திரமாக்குவதற்கென்றே உருவான இலவச லினக்ஸ் இயங்குதளம். ரீகால்பாக்ஸ் திட்டத்திலிருந்து கிளைத்தது. கணினியைப் போட்டதும் டெஸ்க்டாப் வராது. எமுலேஷன்ஸ்டேஷன் என்ற முகப்பில் நேராக விளையாட்டுப் பட்டியல் விரியும். அதற்குப் பின்னால் இயங்குபவை எமுலேட்டர்கள். பழைய இயந்திரங்களின் மின்சுற்று செய்த வேலையை இவை மென்பொருளாகவே செய்கின்றன. 1997இல் நிக்கோலா சால்மோரியா வெளியிட்ட ‘மேம்’ ஆர்கேட் எமுலேட்டர்களில் முதன்மையானது.

படோசெராவின் இயங்குதளம் முழுவதும் ஒரே கோப்பாகச் சுருக்கப்பட்டு, படிக்க மட்டுமே திறக்கும். விளையாட்டுகளும் சேமித்த ஆட்டங்களும் ‘ஷேர்’ என்ற தனிப் பார்ட்டிஷனில் இருக்கும். மற்ற இயங்குதளங்களோடு அதைச் சேர்த்து வைக்க உதவுவது இந்தப் பிரிவினையே.

ஆனால் படோசெராவின் சொந்த நிறுவல் வசதி டிஸ்க் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொள்ளும். விண்டோஸோ உபுண்டுவோ இருந்தால் அழிந்துவிடும். ஆகவே அந்த வசதியைத் தொடாமல் கையால் நிறுவ வேண்டும். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பதே முதல் வேலை. விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியையும் எடுத்துவைக்க வேண்டும். படோசெராவுக்காகப் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பையும் நிறுத்த வேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் கிடக்கும். அந்நிலையில் வேறு இயங்குதளம் அதன் பார்ட்டிஷனில் எழுதினால் தரவு சிதையும்.

அடுத்து, படோசெராவை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து பார்க்க வேண்டும். திரை, ஒலி, ஜாய்ஸ்டிக் மூன்றும் சரியாக வேலை செய்தால் மேலே போகலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதன் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். கிடைத்த இடத்தில், எக்ஸ்ட்4 வகையையும் உருவாக்கக்கூடிய ஒரு பார்ட்டிஷன் கருவியால் இரண்டு பார்ட்டிஷன்கள் உருவாக்க வேண்டும். முதலாவது ஃபேட்32 வகை. பின்னாளில் வரும் புதிய பதிப்புகளுக்கும் இடம் வேண்டுமென்பதால் 10 ஜிபி ஒதுக்குவது நல்லது. இரண்டாவது எக்ஸ்ட்4 வகை, ஷேருக்கானது. விளையாட்டுகளின் அளவுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். பென்டிரைவின் பூட் பார்ட்டிஷனிலுள்ள எல்லாவற்றையும் முதலாவதில் நகலெடுத்து, அதற்கு ‘படோசெரா’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் லேபிள் இட வேண்டும். பென்டிரைவுக்கும் அதே லேபிள்தான். குழப்பம் வராதிருக்க அதைக் கழற்றிவிட வேண்டும்.

உபுண்டு உள்ள கணினியில், இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் மெனுவில் ஒரு பதிவு சேர்த்தால் போதும். அதற்கு மூன்று கட்டளைகள். முதலாவது, லேபிளைத் தேடிப் பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்கும். இரண்டாவது, ‘பூட்’ ஃபோல்டரிலுள்ள கெர்னலை ஏற்றும். மூன்றாவது, தொடக்கக் கோப்பான இனிட்ஆர்டியை ஏற்றும். கெர்னல் வரியின் கடைசியில் அதே லேபிளை மறுபடியும் எழுத வேண்டும். அது விடுபட்டால் கெர்னல் எழுந்தும், சுருக்கிய இயங்குதளக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றுவிடும்.

படோசெராவின் பூட் அமைப்புக் கோப்பில், ஷேர் எந்தப் பார்ட்டிஷன் என்பதை அதன் தனி அடையாளமான யூயூஐடி எண்ணால் குறிப்பிட வேண்டும். அப்போது அது வேறெந்தப் பார்ட்டிஷனையும் தவறாக எடுத்துக்கொள்ளாது.

வணிக விளையாட்டுகள் படோசெராவோடு வருவதில்லை. பதிப்புரிமைக்கு உட்பட்டுப் பெற்ற விளையாட்டுக் கோப்புகளான ரோம்களை, ஷேரில் அந்தந்த இயந்திரத்தின் பெயருள்ள ஃபோல்டரில் வைக்க வேண்டும். பட்டியலைப் புதுப்பித்ததும் அவை திரையில் வந்துவிடும்.