செவியை மட்டும் நம்பிய வகுப்பறை

தொழிற்சாலை இரைச்சலுக்குள் மேற்பார்வையாளர் ஏதோ சொல்வார். பாதி விளங்காது. ஆயினும் தலையை ஆட்டிவிடுவேன். இந்தத் தலையாட்டல் எம்மிற் பலருக்குப் பழக்கமானதுதான். அப்போதெல்லாம் எனது பழைய வகுப்பின் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவர் நினைவுக்கு வருகிறார். அவருக்குக் காது மந்தம். நானோ கரும்பலகையில் எழுதியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவேன். 'விளங்கிச்சுதோ?' என்றால் தலையாட்டுவார். பரீட்சையில் தவறினார். முயற்சி போதாது என்று எண்ணினேன். முயற்சி போதாதிருந்தது என் பக்கத்தில்.

காது கேளாதோர் உதட்டசைவைப் பார்த்தே விளங்கிக்கொள்வர் என்றொரு நம்பிக்கை எம்மிடையே உண்டு. கண்ணாடி முன் நின்று, ஒலியின்றி, 'பாலை' என்றும் 'மாலை' என்றும் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வேறுபாடு தெரியாது. ககரம் வாயின் உட்புறத்தே பிறப்பதால் அநேகமாகக் கண்ணுக்கே தென்படாது. மிகுதியை ஊகித்து நிரப்பவேண்டும். முன்பின் அறியாத கலைச்சொற்கள் நிறைந்த விரிவுரையில் ஊகம் எவ்வளவு தூரம் செல்லும்? செவிப்புலன் கருவியும் பேச்சோடு கதிரை இழுபடும் ஓசையையும் சேர்த்தே பெருக்குகிறது.

லா சப்பலில் இருந்து தெற்கே சென்று செய்ன் நதியைக் கடந்தால் சென் ஜாக் வீதி வரும். சோர்போன் பல்கலைக்கழகக் கட்டடம் அவ்வீதியோரமாகவே நிற்கிறது. அதே வீதியில் மேலும் சிறிது நடந்தால் காது கேளாதோருக்கான தேசியப் பாடசாலை. 18ஆம் நூற்றாண்டில் அபே தெ லெப்பே சைகைமொழி வழியே கற்பித்த மரபில் வந்தது அது. அங்கு கற்று, அங்கேயே ஆசிரியராக இருந்த லோரன் கிளெர்க் 1816இல் அமெரிக்கா சென்று, அடுத்த ஆண்டு அங்கு ஒரு பாடசாலை உருவாக உதவினார். 1864இல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான உயர்கல்லூரியே தோன்றிவிட்டது. பிரான்சிலோ பாதை பின்னோக்கித் திரும்பியது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே சிறந்ததெனத் தீர்மானித்தது. அங்கு வாக்களித்தோர் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். சைகைமொழி நீண்டகாலம் வகுப்பறைக்கு வெளியே தள்ளப்பட்டது. 1991இன் சட்டம் பிள்ளைகளின் கல்வியில் சைகைமொழியைத் தெரிவுசெய்யும் உரிமையைத் தந்தது. 2005இன் சட்டம் அதை முழுமையான மொழியென ஏற்று, பல்கலைக்கழகங்களுக்கும் பொறுப்பு வகுத்தது.

அப்பொறுப்பு நடைமுறையில் என்ன? சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர். அவருக்கு விரிவுரைக் குறிப்பும் கலைச்சொற்களும் முன்கூட்டியே கிடைக்கவேண்டும். குறிப்பெடுத்துக் கொடுக்கும் சக மாணவர் ஒருவர். பெயர்ப்பாளரின் கையையும் தன் கொப்பியையும் ஒரே கண் ஒரே நேரத்திற் பார்க்கமுடியாது. விரிவுரையாளர் கழுத்தில், ஒலியை நேரே கருவிக்கு அனுப்பும் ஒலிவாங்கி. பரீட்சையில் மேலதிக நேரம். இவற்றுக்குப் பணம் தேவை. ஆனால் மாணவரைப் பார்த்துப் பேசுவதற்கும், பின்வரிசையிலிருந்து வரும் கேள்வியைத் திருப்பிச் சொல்வதற்கும் பணம் தேவையில்லை.

இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோருக்குக் கல்வி நிலைய அனுமதியிற் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் கைதடி நவீல்ட் பாடசாலை காது கேளாப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்துள்ளது. ஆனால் அனுமதி வாசல்வரைதான். உள்ளே நடக்கும் பேச்சு அவர்களைச் சென்றடையாவிடில் அனுமதிக்கு அர்த்தமில்லை.

அகதியின் மொழிப்பிரச்சினையும் இதுவும் ஒன்றல்ல. நான் முயன்றால் பிரெஞ்சு காதில் ஏறும். அந்த மாணவர் எவ்வளவு முயன்றாலும் என் முதுகு பேசியிராது. தமிழில் 'கேள்வி' என்பது செவியுறுதலையும் குறிக்கும், வினாவையும் குறிக்கும். முன்னையது இல்லாதவருக்குப் பின்னையதையும் மறுத்த வகுப்பறைகளில் நாம் கற்பித்திருக்கிறோம். இங்கு வாரஇறுதித் தமிழ்ப் பாடசாலை நடத்துவோரேனும் இதை விவாதிக்கவேண்டும்.