கடைமடைக் கணினிக்கும் பங்கு உண்டு

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தபோது, மென்பொருள் வேலை சிற்றூருக்கும் வரும் என்பது உறுதியானது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமும் ஆனது. இன்று இங்கே அரசு அலுவலகம், வங்கி, மருத்துவமனை எதுவும் கணினி இல்லாமல் நடப்பதில்லை. அங்கெல்லாம் வேலை இழுத்தடித்தால், உடனே வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பைத்தான் குறை சொல்கிறோம். கட்டடத்துக்குள் கணினிகளை இணைக்கும் ‘லேன்’ வலையமைப்பை யாரும் பார்ப்பதில்லை. அந்த வலையமைப்புக்கு வேகத்தைவிட முக்கியமானது நியாயமான பங்கீடு.

ஒரு காலத்தில் ‘ஈதர்நெட்’ எனும் லேன் முறையில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்தன; தரவுகள் மோதிக்கொண்டன. வினோத் பரத்வாஜ் இணைந்து தொடங்கிய கல்பனா நிறுவனம் 1990-இல் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தரவுப் பொட்டலத்தை உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் இந்தக் கருவியால் மோதல் ஒழிந்தது, நெரிசல் ஒழியவில்லை. தலா 1 ஜிகாபிட் வேகத்தில் 24 கணினிகள் அனுப்புவதை சுவிட்சிலிருந்து வெளியேறும் 1 ஜிகாபிட் இணைப்பு (அப்லிங்க்) ஒன்றே சுமக்க வேண்டுமானால், பொட்டலங்கள் வரிசையில் நிற்கும். வரிசை நிரம்பினால், மேலும் வருபவை கைவிடப்படும். வந்த வரிசைப்படியே அனுப்பினால், பெரிய கோப்பை அனுப்பும் ஒரே கணினி வரிசையை அடைத்துக்கொள்ளும். சிற்றாற்றுத் தண்ணீரை முறை வைக்காமல் விட்டால் தலைமடை நிரம்பிக் கடைமடை காய்வதைப் போன்றதே இது.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி வரிசை வைத்துச் சுற்றுமுறையில் அனுப்புவது. 1985-இல் ஜான் நேகிள் இந்த வழியை முன்வைத்தார். பெரிய பொட்டலம் அனுப்புபவருக்கே அதில் ஆதாயம் என்ற குறை இருந்தது. 1995-இல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் ஒவ்வொரு வரிசைக்கும் பைட் கணக்கில் பங்கு வைத்து, மிச்சத்தை அடுத்த சுற்றில் சேர்க்கும் எளிய முறையைத் தந்தார்கள். அப்லிங்கை 10 ஜிகாபிட் ஆக்கினால் போதாதா என்று கேட்கலாம். 24 கணினிகளும் ஒரே நொடியில் அனுப்பினால் அதுவும் போதாது. கட்டடத்தை விட்டு வெளியேறும் இணைப்போ பெரும்பாலும் இன்னும் குறுகியது. எல்லோருக்கும் சமபங்கு என்பது நியாயமா என்ற கேள்வியும் சரியானதே. தொலைபேசிக் குரல் தாமதத்தைத் தாங்காது. அதற்கு முன்னுரிமை தரத்தான் வேண்டும். ஆனால் அந்த முன்னுரிமைக்கு உச்சவரம்பு வைக்காவிட்டால் மற்ற வேலைகள் பட்டினி கிடக்கும்.

ஒரு கேபிள் அறுந்தாலே மொத்த அலுவலகமும் நின்றுபோகுமானால், நியாயமான பங்கீட்டாலும் பயனில்லை. எனவே சுவிட்சுகளுக்கிடையே மாற்றுப் பாதை வேண்டும். ஆனால் ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. இரண்டு பாதைகள் வளையமாகிவிட்டால் அந்தப் பொட்டலம் ஓயாமல் சுற்றி வலையமைப்பையே முடக்கிவிடும். ரேடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த ‘ஸ்பேனிங் ட்ரீ’ முறை உபரிப் பாதையை மூடிவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கிறது. இரண்டாவது கேபிள் வீண்செலவு என்பவர்கள், ஒருநாள் வேலை நின்றால் வரும் இழப்போடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். புதிதாக லேன் அமைக்கும் பள்ளிகளும் அலுவலகங்களும் ஒப்பந்தத்தில் ஜிகாபிட் கணக்கோடு நிறுத்தாமல், பங்கீட்டு முறையையும் மாற்றுப் பாதையையும் எழுதிக் கேட்க வேண்டும். எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் இயக்கியும், ஒரு கேபிளைக் கழற்றியும் சோதித்த பிறகே பணம் கொடுங்கள்.