மாத்திரையோடு நடையும் மருந்துதான்

மலேசியாவில் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் பெண்ணும், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவரும், நாள் முழுக்க வீட்டைக் கவனிப்பவரும் மாத்திரைக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். உடற்பயிற்சி மட்டும் எல்லா வேலையும் முடிந்தபின் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று தள்ளப்படுகிறது. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை வீடுகள் இன்னும் ஏற்கவில்லை.

பயிற்சியின் பலன் பெண்களுக்கு இன்னும் அதிகம் என்றே தெரிகிறது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வில், முறையாகப் பயிற்சி செய்த பெண்களிடம் இதயநோய் மரணம் 36 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆண்களிடம் 14 விழுக்காடுதான். ஆரோக்கியமானவர்கள்தானே உடற்பயிற்சி செய்வார்கள், அதனால் வந்த வித்தியாசமாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஆனால் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த 270 சோதனைகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டு ஆய்வும் இருக்கிறது. அதில் நடை, சைக்கிள் போன்றவை ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைச் சராசரியாக 4 புள்ளிக்கு மேல் குறைத்தன. சுவரில் சாய்ந்து நாற்காலியில் அமர்வதுபோல் அசையாமல் இருக்கும் பயிற்சி 8 புள்ளி குறைத்தது. வீட்டு வேலையே போதாதா என்பார்கள். மூச்சு வாங்க வைக்கும் வேலை கணக்கில் சேரும். அடுப்படியில் நிற்பது சேராது. பேச முடியும், பாட முடியாது என்னும் வேகத்தில் வாரம் 150 நிமிடம் நடக்க வேண்டும்.

பயிற்சி செய்யப் பயப்படுவதும் காரணமில்லாதது அல்ல. அழுத்தம் 180/110ஐத் தொட்டால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின்போது மூச்சை அடக்காதீர்கள்; சொந்த முடிவில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பகாலத்தில் அழுத்தம் கூடியிருந்தால் பிற்கால இதயநோய் ஆபத்தும் கூடும், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலி மட்டுமல்ல, தாடை, முதுகு வலி, திடீர் மூச்சுத்திணறல், காரணமற்ற களைப்பு ஆகியவையும் பெண்களுக்கு மாரடைப்பின் அறிகுறிகளாகலாம். இவை தோன்றினால் உடனே 999ஐ அழையுங்கள்.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அரசின் ரொக்க உதவி பெறுவோருக்கும் அவர்களின் துணைவர்களுக்கும் 40 வயது முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. மருத்துவர் சான்று தந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு எடுப்பது மலேசிய வேலைச் சட்டம் தரும் உரிமை. பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை. தினசரி நடைக்கான அரை மணி நேரத்துக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை. சமையலையும் பிள்ளைகளையும் அந்நேரம் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். இன்று மாலையே தொடங்குங்கள்.