தலை அசைந்தால் படமும் ஏமாற்றும்!

'தலையை ஆட்டாதீங்க!' - எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் போகும் ஒவ்வொருவருக்கும் சொல்லப்படும் வார்த்தை இது. 'லேசா அசைஞ்சா என்ன, குடியா முழுகிடும்?' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எம்.ஆர்.ஐ.யில் 'டிஃப்யூஷன்' என்று ஒரு வகை உண்டு. அதற்கு அசைவு என்றால் ஆகவே ஆகாது!

ஏன் தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு இங்க் விட்டால் தானாகவே பரவுகிறதல்லவா? அதே போல நம் மூளைக்குள் இருக்கும் நீரும் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கிறது. இந்த அலைச்சலைத்தான் டிஃப்யூஷன் ஸ்கேன் அளக்கிறது. அளக்கும் அந்தக் கண நேரத்தில் நீர்த்துகள் நகரும் தூரம், மில்லி மீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். அப்போது தலையே ஒரு மில்லி மீட்டர் நகர்ந்தால்? ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எறும்பின் நடையை அளந்த கதைதான்!

பக்கவாதத்தில் இதன் பயன்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அங்குள்ள செல்கள் வீங்கி, நீரின் நடமாட்டம் குறைந்துவிடும். சி.டி. ஸ்கேனில் ஆரம்பத்தில் பிடிபடாத இந்த மாற்றம், டிஃப்யூஷன் படத்தில் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகத் தெரியும். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்... வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ தைலம் தேடி ஓடாதீங்க. 108-க்கு போன் போடுங்க. தொக்கணமும் தைலமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் திருத்தாதா?

ஓரளவு திருத்தும். நரம்புப் பாதைகளை ஆராயும் ஸ்கேனில், பல திசைகளில் டஜன் கணக்கில் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய 'எடி' என்ற புரோகிராம், மற்ற படங்களை வைத்து 'இந்தப் படம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்' என்று கணிக்கிறது. எடுத்த படத்தை அதோடு ஒப்பிட்டு, தலை எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்று கண்டுபிடித்துச் சரி செய்கிறது. தலை திரும்பியிருந்தால் திசைக் கணக்கையும் திருப்ப வேண்டும்.

ஆனால் அளக்கும் கணத்திலேயே அசைந்துவிட்டால், படத்தின் அந்தப் பகுதி இருண்டு போகும். அதைக் கணித்து நிரப்பலாம், கணிப்பு கணிப்புதானே! அசைவு அதிகமுள்ள குழந்தைகளின் நரம்புப் பாதையில், இல்லாத குறை இருப்பது போலத் தோன்றிவிடும் என்று 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எச்சரித்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள்.

* இருமல், கழுத்து வலி, முதுகு வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள்.

* பேஸ்மேக்கர், உடலுக்குள் உலோகம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நகை, ஹேர்பின் கழற்றிவிடுங்கள்.

* 'டொக் டொக்' சத்தம் பலமாக இருக்கும். காதடைப்பான் கேட்டு வாங்குங்கள்.

* சத்தம் வரும்போது பேசாதீர்கள், தலையாட்டாதீர்கள். நிதானமாக, சீராக மூச்சு விடுங்கள். முடியவில்லை என்றால் கையில் தரும் பந்தை அமுக்குங்கள்.

* குழந்தைகளுக்கு வீட்டிலேயே 'சிலை விளையாட்டு' சொல்லிக்கொடுத்துப் பழக்குங்கள்.

சரியான படம் கிடைத்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். அதற்காக சில நிமிடம் சிலையாகக் கிடக்கலாமே!